பிரேக் காலிப்பருக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாம்: முழுமையான வழிகாட்டி

அலாய் வீல் என்னதான் பளபளத்தாலும், அதன் ஆரங்களுக்கு நடுவே துருவேறிய காலிப்பர் தெரிந்தால் வண்டி களையிழந்து போகும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை இருபுறமும் பேடுகளால் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவதுதான் காலிப்பர். பெரும்பாலான கார்களில் அது வார்ப்பிரும்பால் ஆனது. புதிதாக வரும்போது அதன் மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு ஒன்று இருக்கும். சூடு, மழைத்தண்ணீர், சக்கரம் வாரியடிக்கும் சேறு, பிரேக் பேடிலிருந்து உதிரும் கறுப்புத் தூள் எல்லாம் சேர்ந்து சில வருடங்களில் அதைத் தின்றுவிடும். அதன் பிறகு பழுப்புதான்.

இதற்காகப் புதுக் காலிப்பர் வாங்க வேண்டியதில்லை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமும் இரண்டு நாள் ஓய்வும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் நாம் கை வைக்கப்போவது வண்டியை நிறுத்தும் உறுப்பில். பெயின்ட் காலிப்பரின் உடம்பில் மட்டும்தான் படவேண்டும். அசைகிற, உரசுகிற, இறுக்கிப் பொருந்துகிற எந்த இடத்திலும் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. அதனால்தான் இங்கே பெயின்ட் அடிப்பதைவிடக் கழுவுவதையும் மறைப்பதையும் பற்றி அதிகம் சொல்கிறேன். வேலையில் முக்கால் பங்கு அந்த இரண்டும்தான்.

எந்தப் பெயின்ட்

எவ்வளவு சூட்டைத் தாங்கவேண்டும் என்பது புரிந்தால் தேர்வு எளிது. கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது டிஸ்க் 400 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். ஆனால் காலிப்பர் டிஸ்க்கைத் தொடுவதில்லை; நடுவே பேடும் காற்றும் இருக்கின்றன. காலிப்பருக்குள் இருப்பது பிரேக் ஆயில். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி இருக்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தக் கீழ்வரம்பு 155 டிகிரி. காலிப்பர் அதற்கு மேல் சூடானால் ஆயில் கொதித்து, பெடல் தரைவரை இறங்கி, பிரேக் பிடிக்காமல் போய்விடும். ஆக, சாலையில் ஒழுங்காக ஓடும் வண்டியில் காலிப்பரின் உடம்பு அந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். 250, 260 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் காலிப்பர் பெயின்ட் தாராளமாகப் போதும்.

600 டிகிரி தாங்கும் சைலன்சர் பெயின்ட் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். சூட்டைத் தாங்கும், சரி. ஆனால் அந்த வகை பெரும்பாலும் நன்றாகச் சூடு காட்டிய பிறகுதான் முழுதாக இறுகும். அன்றாட ஓட்டத்தில் காலிப்பர் அவ்வளவு சூடாவதே இல்லை. பெயின்ட் இளகலாகவே கிடந்து, பிரேக் கிளீனரோ பிரேக் ஆயிலோ பட்டதும் கையோடு வந்துவிடும். கிளைகால் அடிப்படையிலான பிரேக் ஆயில் சாதாரணப் பெயின்ட்டை உரித்தெடுத்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சூட்டைத் தாங்குவது பாதி. ரசாயனத்தைத் தாங்குவது மறு பாதி. வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் இந்த இரண்டிலும் தோற்றுப்போகும்.

காலிப்பருக்கென்றே வரும் பெயின்ட்டுகள் மூன்று விதம்: ஸ்பிரே கேன், பிரஷ்ஷால் அடிக்கும் ஒற்றைப் பெயின்ட், ஹார்டனர் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவை எபாக்ஸி. வீட்டில், வண்டியிலேயே வைத்து அடிக்கப்போகிறவருக்கு நான் சொல்வது பிரஷ் எபாக்ஸிதான். ஹார்டனரோடு வினைபுரிந்து இறுகுவதால் அதற்குத் தனியாகச் சூடு காட்டத் தேவையில்லை. கெட்டியாகப் பிடிக்கும், பிரஷ் கோடுகள் தானாகவே சமன்பட்டுக்கொள்ளும், காற்றில் பறந்து பக்கத்து பாகங்களில் ஒட்டாது. ஸ்பிரே வேகமானது, ஆனால் காரின் பக்கவாட்டையும் டிஸ்க்கையும் சஸ்பென்ஷனையும் மூடுவதற்கே அந்த நேரம் போய்விடும். காலிப்பரைக் கழற்றித் தனியே வைத்து அடிப்பதாக இருந்தால் ஸ்பிரே நல்ல தேர்வு. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உள்ள ஸ்பிரேக்களை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அந்தப் புகைக்குச் சாதாரண முகமூடி போதாது, நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கும்.

நிறம் உங்கள் விருப்பம். சிவப்பும் மஞ்சளும் கண்ணைப் பறிக்கும், ஆனால் பேடின் கறுப்புத் தூள் அவற்றில் சீக்கிரம் தெரியும். வாரம் ஒருமுறை கழுவுகிறவருக்குத்தான் அவை அழகு. கருஞ்சாம்பலும் கறுப்பும் அடக்கமானவை, நெடுநாள் புதிதாகவே தெரியும். பந்தயக் கார் நிறுவனங்களின் பெயர் ஸ்டிக்கரைச் சாதாரணக் காலிப்பரில் ஒட்டுவது எனக்கு ஒப்பாது. உள்ளதை உள்ளபடி சுத்தமாகக் காட்டுவதே போதும்.

மூன்று வழிகள்

முதல் வழி, எதையும் கழற்றாமல் வீலை மட்டும் எடுத்துவிட்டு, மறைக்க வேண்டியதை மறைத்து, தெரிகிற பக்கம் முழுவதும் அடிப்பது. இதில் ஆபத்து மிகக் குறைவு. முதல்முறை செய்கிறவர் இதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, காலிப்பரை அதைத் தாங்கும் பிராக்கெட்டிலிருந்து கழற்றி, ஆயில் வரும் ரப்பர் குழாயான ஓஸோடு இருக்கும்போதே அடிப்பது. எல்லாப் பக்கமும் எட்டும், பிராக்கெட்டையும் தனியே சுத்தம் செய்யலாம். இங்கே இரண்டு எச்சரிக்கை. காலிப்பரை ஒருபோதும் ஓஸில் தொங்கவிடாதீர்கள். உள்ளே இருக்கும் இழை அறுந்தால் வெளியே தெரியாது. கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டி நிறுத்துங்கள். அடுத்து, காலிப்பர் கழன்றிருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக்கூடாது. மிதித்தால் பேடை அழுத்தும் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

மூன்றாவது, ஓஸையும் கழற்றி முழுதாக வெளியே எடுப்பது. பூச்சு மிகச் சிறப்பாக அமையும். ஆனால் திரும்ப மாட்டும்போது ஓஸைக் காலிப்பரோடு இணைக்கும் பாஞ்சோ போல்ட்டுக்குப் புது வாஷர் வேண்டும், பிரேக் ஆயில் நிரப்பிக் காற்றெடுக்க, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் பிரேக் அமைப்புக்குள் காற்று நுழைந்தால் சிலவற்றில் ஸ்கேனர் இல்லாமல் காற்றெடுக்க முடியாது. பிரேக் வேலை தெரிந்தவர் கூட இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

இனி வருவது முதல் வழியை மையமாக வைத்தது. காலிப்பரைக் கழற்றுகிறவருக்கு வேண்டியதை ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, அதோடு கட்டாயம் ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, வீல் ஸ்பேனர், அளவு வைத்து இறுக்கும் டார்க் ரென்ச். சுத்தம் செய்ய இரும்புக் கம்பி பிரஷ், பழைய டூத் பிரஷ், பித்தளை அல்லது நைலான் பிரஷ், 80 மற்றும் 120 எண் உப்புத்தாள், டிகிரீசர், தாராளமாகப் பிரேக் கிளீனர், பஞ்சு பறக்காத துணி. மறைக்க நல்ல மாஸ்க்கிங் டேப், செய்தித்தாள், பிளாஸ்டிக் தாள். அடிக்க அரை அங்குலத்தில் ஒன்றும் அதைவிடச் சிறியதாக ஒன்றுமாக, மயிர் உதிராத பிரஷ்கள். நான்கு காலிப்பருக்குக் கால் லிட்டர் பெயின்ட் போதும். பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, தூசு முகமூடி இல்லாமல் தொடங்காதீர்கள்.

வண்டியைத் தூக்குவது

சமமான, கெட்டியான தரை. வண்டி ஓடி வந்திருந்தால் முழுதாக ஆறட்டும். கியரிலோ பார்க்கிலோ போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். காரின் அடியில் எந்த இடத்தில் ஜாக்கி வைக்கலாம் என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியை ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். கழற்றிய வீலைக் காரின் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைப்பது இன்னொரு காப்பு.

கழுவுவதும் சுரண்டுவதும்

பெயின்ட் உரிந்து வந்தது என்று சொல்பவர்களின் காலிப்பரைப் பார்த்தால் பெரும்பாலும் பெயின்ட்டில் குறை இருக்காது. அடியில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்திருக்கும். இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள்.

பிரேக் தூளைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய வண்டிகளின் பேடில் கல்நார் இருக்கலாம்; இல்லாவிட்டாலும் அந்த நுண்துகள் நுரையீரலுக்குக் கேடுதான். முதலில் தண்ணீரோ டிகிரீசரோ தெளித்து நனைத்துவிட்டுத் தேயுங்கள். டிகிரீசர் சில நிமிடம் ஊறட்டும், பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, தண்ணீரால் அலசி, நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்து துரு. வார்ப்பிரும்புக் காலிப்பரென்றால் இரும்புக் கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்கலாம். தளர்ந்த துரு எல்லாம் உதிரவேண்டும். குழிகளில் கெட்டியாக ஒட்டியிருக்கும் கறை கொஞ்சம் மிஞ்சினால் பாதகமில்லை. டிரில்லில் மாட்டும் கம்பிச் சக்கரம் வேலையைச் சுருக்கும், ஆனால் ரப்பர் பாகங்களுக்கு அருகே அதைக் கொண்டுபோகாதீர்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் தூசுக் கவசத்தில் சிறு கீறல் விழுந்தால்கூட உள்ளே தண்ணீர் போய்ப் பிஸ்டன் இறுகிவிடும். அலுமினியக் காலிப்பர் என்றால் இரும்புக் கம்பி பிரஷ் கூடவே கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, அங்கே அரிப்புத் தொடங்கும். நைலான் பிரஷ்ஷும் உப்புத்தாளும் போதும். எந்த உலோகம் என்று தெரியவில்லையா, ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்; ஒட்டினால் இரும்பு.

பிறகு 80 எண் உப்புத்தாளால் கரடு முரடைச் சமன்படுத்தி, 120 எண்ணால் ஒருமுறை மேலோட்டமாகத் தேயுங்கள். வழவழப்பாக்க வேண்டாம். பெயின்ட் பிடித்துக்கொள்ள மேற்பரப்பில் நுண்கீறல்கள் வேண்டும்.

கடைசியாகப் பிரேக் கிளீனர். மேலிருந்து கீழாக அடியுங்கள், அழுக்கு தானாக வழிந்து இறங்கும். வழியும் நீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அடித்து, துணியால் துடையுங்கள். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தால் கறை வரக்கூடாது. இந்த நிலைக்கு வந்தபிறகு வெறுங்கையால் காலிப்பரைத் தொடாதீர்கள், விரலின் எண்ணெயே பூச்சைத் தூக்கிவிடும். பிரேக் கிளீனரை எரியும் எதற்கும் அருகில் வைக்கக்கூடாது. குளோரின் கலந்த வகை சூட்டில் நச்சு வாயுவாக மாறும், குளோரின் இல்லாத வகை சட்டென்று தீப்பிடிக்கும்.

இவ்வளவு கிட்டத்தில் பிரேக்கை நாம் அடிக்கடி பார்ப்பதில்லை. ஆகவே துடைக்கும்போதே சோதித்துவிடுங்கள். பேடின் உராய்வுப் பொருள் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அளந்து பாருங்கள். ஓஸில் வெடிப்பு உண்டா, பிஸ்டன் பக்கம் ஈரக்கசிவு உண்டா, காலிப்பர் நழுவி நகர உதவும் கைடு பின்னின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிவு இருந்தால் பெயின்ட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். காலிப்பரைக் கழற்றியிருந்தால் கைடு பின்களை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்று வரும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண மஞ்சள் கிரீஸ் வேண்டாம், அது பிரேக் ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்யும்.

மறைப்பது

டேப் ஒட்டத் தொடங்கும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது எங்கே இருந்தது என்பதில் பிறகு குழப்பம் வராது.

காற்றெடுக்கும் நிப்பிளும் அதன் ரப்பர் தொப்பியும் முதலில். நிப்பிளின் மரையிலும் துளையிலும் பெயின்ட் இறங்கினால் அடுத்தமுறை ஆயில் மாற்றும்போது அது திறக்காது, சில நேரம் உடைந்தே போகும். அடுத்து ஓஸ், பாஞ்சோ போல்ட், பிஸ்டன் கவசம், கைடு பின் ரப்பர்கள், ஏபிஎஸ் சென்சாரும் அதன் வயரும். பேடுகள் நழுவும் இடங்களும் அங்கிருக்கும் மெல்லிய தகட்டுக் கிளிப்புகளும் மிக முக்கியம். அங்கே பெயின்ட் தடித்தால் பேடு சிக்கிக்கொண்டு டிஸ்க்கை உரசியபடியே ஓடும். பிராக்கெட் வண்டியோடு பொருந்தும் முகத்திலும், போல்ட் தலை அமரும் இடத்திலும், வீல் வந்து உட்காரும் ஹப் முகத்திலும் பெயின்ட் கூடாது. இறுக்கிய இடத்தில் இருக்கும் பெயின்ட் நாளடைவில் நசுங்கி, போல்ட்டின் இறுக்கம் குறைந்துவிடும்.

டிஸ்க்கின் உராயும் பரப்பைத் தாளால் மூடுங்கள். டிஸ்க்கின் நடுவே தொப்பிபோல் எழும்பியிருக்கும் பகுதி துருப்பிடித்திருந்தால், அதன் பக்கவாட்டுக்கு மட்டும் வெள்ளியோ கறுப்போ அடிக்கலாம். புதுக் காலிப்பருக்குப் பக்கத்தில் துருத் தொப்பி இருந்தால் செய்த வேலையே எடுபடாது.

அடிப்பது

ஈரமான நாளும் மழையும் வேண்டாம். நிழலில், 15 முதல் 30 டிகிரிக்குள், தூசு பறக்காத இடத்தில் அடியுங்கள். கதகதப்பான காலிப்பரில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். சுடும் காலிப்பரில் கொப்புளிக்கும்.

எபாக்ஸியைச் சொன்ன விகிதத்தில், கண்ணளவாக இல்லாமல் அளந்து கலக்குங்கள். ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் ஒழுங்காக இறுகாது. கலந்த பெயின்ட்டுக்கு ஆயுள் கொஞ்ச நேரம்தான், டப்பாவில் எழுதியிருக்கும். அதனால் நான்கு சக்கரத்துக்கும் மொத்தமாகக் கலக்காமல், தயாராக இருக்கும் காலிப்பர்களுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். சில கலவைகளைக் கலந்தபின் சில நிமிடம் வைத்திருந்து அடிக்கச் சொல்லியிருப்பார்கள், அதையும் மதியுங்கள்.

பெரும்பாலான காலிப்பர் பெயின்ட்டுக்கு வார்ப்பிரும்பில் பிரைமர் தேவையில்லை. வெற்று அலுமினியத்துக்கு மட்டும், அந்தப் பெயின்ட் தயாரிப்பாளர் சொல்லும் உயர்வெப்பப் பிரைமர் ஒன்றை அடித்துக்கொள்வது நல்லது.

முதல் பூச்சு மெல்லியதாக, அடியிலிருப்பது அங்கங்கே தெரிகிற அளவுக்கு. பார்க்க அழகாகவே இருக்காது, கவலைப்படாதீர்கள். சிறிய பிரஷ்ஷால் முதலில் பள்ளங்களையும் மூலைகளையும் முடித்துவிட்டு, பெரிய பிரஷ்ஷால் பரந்த இடங்களுக்கு வாருங்கள். இரண்டாவது பூச்சு, முதலாவது தொட்டால் ஒட்டாத ஆனால் முழுதாக இறுகாத நிலையில். அந்த இடைவெளி ஒவ்வொரு பெயின்ட்டுக்கும் மாறும். தேவையென்றால் மூன்றாவது. ஒரே அடியில் தடிப்பாக அப்பினால் கீழ் விளிம்பில் சொட்டுச் சொட்டாகத் திரண்டு நிற்கும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் காலிப்பரின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்து, தேங்கியிருப்பதைப் பிரஷ் நுனியால் எடுத்துவிடுங்கள்.

ஸ்பிரே என்றால் 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, காலிப்பருக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசுங்கள். மூன்று மெல்லிய பூச்சு.

டேப்பை எடுப்பதற்குச் சரியான நேரம், கடைசிப் பூச்சு சற்றே இழுபட ஆரம்பிக்கும்போது. முழுதாக இறுகியபின் உரித்தால் விளிம்போடு பெயின்ட்டும் பெயர்ந்து வரும். காலம் கடந்துவிட்டால் கூரிய பிளேடால் விளிம்பில் மெல்லக் கீறிவிட்டு உரியுங்கள்.

பின் சக்கரமும் பைக்கும்

பின் காலிப்பரோடு கைப் பிரேக் சேர்ந்திருந்தால் அதன் நெம்பு, ஸ்பிரிங், கேபிள் எதிலும் பெயின்ட் கூடாது. அந்தப் பிஸ்டனை வெறுமனே அழுத்தி உள்ளே தள்ளவும் முடியாது, பெரும்பாலானவற்றில் சுற்றித்தான் இறக்கவேண்டும். மின்சாரக் கைப் பிரேக் உள்ள வண்டியில் காலிப்பரைக் கழற்றுவதானால் முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். மோட்டாரையும் கனெக்டரையும் நனையாமல் மூடுங்கள். பின்னால் டிரம் இருந்தால் அதன் வெளிப்பக்கத்துக்கும் இதே பெயின்ட் அடிக்கலாம், வீல் உட்காரும் முகத்தை விட்டுவிட்டு.

பைக் காலிப்பர் பெரும்பாலும் அலுமினியம். ஓஸைத் தொடாமல் ஃபோர்க்கிலிருந்து கழற்றுவது எளிது. கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி வையுங்கள். தெரியாமல் யாராவது லீவரை இழுத்தாலும் பிஸ்டன் வெளியே வராது.

மாட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

வீலை மாட்டும்போது அதன் உட்புறம் காலிப்பரில் இடித்து முதல் நாளே கீறல் விழுவது சகஜம். சில மணி நேரமாவது காய்ந்த பிறகு மாட்டுங்கள். குறைந்தது 24 மணி நேரம் வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது. முழுதாக இறுக ஒரு வாரம் ஆகலாம். அதுவரை கடுமையான வீல் கிளீனரும் அழுத்தத் தண்ணீரும் வேண்டாம்.

காலிப்பரைக் கழற்றியிருந்தால் அதன் போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால் ஆயில் தொட்டியின் மட்டம் ஏறியிருக்கும். அது பானெட்டுக்குள் வழிந்தால் அங்கிருக்கும் பெயின்ட் போய்விடும். டிஸ்க்கின் இருபுறமும் பிரேக் கிளீனர் அடித்த துணியால் துடையுங்கள். வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின் டார்க் ரென்ச்சால் முடியுங்கள். சிறிய, நடுத்தரக் கார்களில் அது பெரும்பாலும் 90 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வண்டி நகர்வதற்கு முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதியுங்கள். பெடல் கெட்டியாகி நிற்கவேண்டும். கெட்டியாகவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை மென்மையாகப் பிரேக் பிடித்துப் பாருங்கள். இழுக்கிறதா, உரசும் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். லேசான பெயின்ட் வாடை முதல் ஓட்டத்தில் வரும், அது இயல்பு. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

பிறகு

வண்டி கழுவும்போது காலிப்பரையும் சாதாரண ஷாம்பூ தண்ணீரால் கழுவினால் போதும். அமிலம் கலந்த வீல் கிளீனரைத் தவிர்த்துவிடுங்கள். கல்லடித்துச் சில்லு பெயர்ந்த இடத்தை உடனே 120 எண் தாளால் தேய்த்து, கிளீனரால் துடைத்து, தொட்டு அடித்துவிடுங்கள். விட்டால் துரு பூச்சுக்கு அடியில் பரவும். கலந்து மீந்த எபாக்ஸி எதற்கும் உதவாது, அதனால் கலக்காத பெயின்ட்டிலும் ஹார்டனரிலும் கொஞ்சம் தனித்தனியே மூடி வைத்திருங்கள்.

பெயின்ட் அடித்த காலிப்பருக்கு இன்னொரு பயனும் உண்டு. நான்கில் ஒன்று மட்டும் நிறம் மங்கிப் பழுப்பேறினால், அல்லது அதில் மட்டும் பூச்சு கொப்புளித்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். கைடு பின் இறுகியிருக்கும், இல்லை பிஸ்டன் திரும்பாமல் இருக்கும். கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் பிடிக்காமல் ஓட்டிவிட்டு, நான்கு வீல்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய், தொடாமல், எது அதிகச் சூடு என்று பாருங்கள். அதே சக்கரம்தான் என்றால் மறுபடி பெயின்ட் அடிக்கும் முன் காலிப்பரைக் கழற்றிப் பின்னையும் பிஸ்டனையும் பாருங்கள்.